கெஸ்ட் நாற்காலியில் செட்டிங் அண்ணன்

“…மெஷினைத் திட்டாதீங்க டீச்சர், அது பச்சைக் குழந்தை. செட்டிங்கைத் திட்டுங்க, நான் வாங்கிக்கறேன்!”

அடுத்தவருக்கு விழும் திட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் இப்படி ஒரு மனிதர், பெங்களூர் முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்கமாட்டார். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின்களுக்குச் செட்டிங் போடுபவர். அதனால் செட்டிங் அண்ணன். சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை.

நான் அப்போது விவேக் நகரில் இருதயராஜின் பிரவுசிங் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் லீவு நாட்களில் வந்து, புத்தகம் பார்த்தே ஆறு கம்ப்யூட்டரிலும் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிவிட்டார். வைரஸ் தொல்லை ஒழிந்தது. ஒரு குறைதான். மெயிலில் வந்த லிங்க்கை அமுக்கினால், எழுத்து மட்டும் காட்டும் கறுப்புப் பிரவுசர் திறக்கும்.

கணக்கு டீச்சர் அருள்மேரி, தம்பி மகளின் கல்யாண ஆல்பம் என்று துபாயிலிருந்து வந்த லிங்க்கை அமுக்கினார். ‘இமேஜ், இமேஜ், இமேஜ்’ என்று நாற்பது வரி வந்தது.

“இதுல மாப்பிள்ளை எத்தனாவது இமேஜ்?”

இருதயராஜ் அண்ணனிடம் கொதித்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம், செட்டிங். டீச்சர் அமுக்கி ஆல்பம் திறந்தா உன் லினக்ஸ் இருக்கட்டும். இல்லேன்னா ஆறு மெஷினையும் தொடச்சுட்டுப் பழசையே போட்டுடுவேன்!”

அண்ணனுக்கு அந்த ஆறும் ஆறு பிள்ளைகள். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்தார். கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் ‘எக்ஸ்போர்ட் பிரவுசர்’ என்று தொடங்கி ஒரு வரி அடித்தார். “இனி லிங்க் வந்தா புது பிரவுசர்லதான் திறக்கணும்னு சொல்லிட்டேன்.” திறந்தது! டெர்மினலை மூடிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால், பழைய கறுப்பு.

“ஷிஃப்ட் மாறினா செட்டிங் கலையத்தான் செய்யும். விட்டுடுவேனா?”

வெள்ளிக்கிழமை அதே வரியை, பெயர் அடித்து உள்ளே நுழையும்போதெல்லாம் கம்ப்யூட்டர் படித்துப் பார்க்கும் ஃபைலில் எழுதினார். அணைத்துப் போட்டார். திறந்தது. ஆறிலும் திறந்தது. ஃபேக்டரி வழக்கப்படி மானிட்டருக்கு ஒரு செட்டிங் கார்டு ஒட்டி, ‘செட்டிங் போட்டவர்’, ‘முதல் பீஸைச் செக் பண்ணவர்’ என்ற இரண்டு இடத்திலும் ‘ஓகே’ என்று தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். இமேஜ், இமேஜ், இமேஜ்.

அண்ணன் அமுக்கினால் மாப்பிள்ளை, டீச்சர் அமுக்கினால் இமேஜ். “என் விரல் மட்டும் அதுக்குப் பிடிக்கலையா?” என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இருதயராஜ் பழைய சிஸ்டத்தின் சி.டி.யோடு வந்து நின்றார். அண்ணன் அந்த ஒரு வரியைப் பதினோராவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் மட்டும் கார்டைப் படித்தார்.

“செட்டிங் போட்டவர் நீங்க. முதல் பீஸைச் செக் பண்ணவரும் நீங்க. பீன்யாவுல இப்படித்தானா? நான் என் பிள்ளைங்களை அவங்க பேப்பரை அவங்களே திருத்த விடறதில்ல.”

அண்ணன் முகம் செத்துவிட்டது. செட்டிங் போட்டவன் முதல் பீஸுக்குப் பாஸ் போடக்கூடாது என்று பீன்யாவில் சூப்பர்வைசரிடமே சண்டை போட்டவர் அவர்.

“டோக்கன் குடுப்பா,” என்றார் என்னிடம்.

வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும், எல்லா வாடிக்கையாளரும் நுழையும் ‘கெஸ்ட்’ பெயரில் வாழ்நாளில் முதல் தடவையாக நுழைந்து லிங்க்கை அமுக்கினார். இமேஜ், இமேஜ்.

“அடப்பாவி! என் பேர்ல நுழைஞ்சு, என் ஃபைல்ல எழுதி, எனக்கே காட்டிக்கிட்டிருந்திருக்கேன். கெஸ்டுக்கு யார் சொன்னது?”

அந்த வரி கெஸ்டின் ஃபைலுக்குப் போனது. டீச்சர் புதிதாக நுழைந்து அமுக்கினார். கோட்டு போட்ட மாப்பிள்ளை கலரில் வந்து சிரித்தார். இருதயராஜ் சி.டி.யை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. மிச்ச ஐந்திலும் அதை எழுதினார். ஆறு கார்டிலும் செக் பண்ணவர் இடத்தில் இருந்த தன் கையெழுத்தை அடித்துவிட்டார். பேனாவைச் சட்டையில் துடைத்து டீச்சரிடம் நீட்டினார்.

“எல்லாத்தையும் பாத்துட்டு நீங்க கையெழுத்துப் போடுங்க டீச்சர். அஞ்சாவது மட்டும் மெதுவா அமுக்குங்க, அதுக்குக் கொஞ்சம் கூச்சம்.”

சொல்லிவிட்டு டீச்சரின் குடையையும் பூசைப் புத்தகத்தையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, மெஷின் மெஷினாக அவர் பின்னாலேயே போனார்.