சின்னக் காரியம் டீச்சரின் வாசகர்கள்

எத்தனை பெரிய வேலையையும் இரண்டே சொல்லில் சுருக்கிவிடக் கூடியவர் கொச்சி முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கல்லூரியின் இலக்கிய ஆசிரியை. ‘ஒரு சின்னக் காரியம்’ என்று அவர் ஆரம்பித்தால் வகுப்பே கலங்கிப் போகும். தலையணை கனத்துக்கு ஒரு நாவலைத் தூக்கிக் காட்டி, “ஒரு சின்னக் காரியம், திங்கக்கிழமைக்குள்ள இதைப் படிச்சுட்டு வாங்கோ” என்பார். துறை நூலகத்தை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றியபோதும் அதே சின்னக் காரியம்தான். அலமாரிகளைச் சுமந்து இறக்கிய நாங்கள் மறுநாள் கையைத் தூக்க முடியாமல் வருகைப் பதிவுக்கு வாயால் மட்டும் பதில் சொன்னோம். அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் எங்களுக்கு அவர் ‘சின்னக் காரியம் டீச்சர்’தான்.

பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் நிலைத்துவிட்ட குடும்பம் அவருடையது. நானும் மட்டாஞ்சேரிதான், அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் எழுதி வளர்ந்தவள் நான். என் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் படகிலிருந்து இறங்கியவுடன் நடப்பவரைப் போலத் தள்ளாடும்.

ஊரே இன்ஸ்டாகிராமுக்குக் குடிபோன பிறகு டீச்சர் பிளாக்கைக் கண்டுபிடித்தார். பரீட்சைத் தாளை ஒரே ஒருவர், அதுவும் எரிச்சலோடு படிப்பார். பிளாக்கை உலகமே படிக்கும் என்பது அவர் கட்சி. ஆளுக்கு ஒரு பிளாக். பாடத்தில் வரும் ஒவ்வொரு கதைக்கும் கவிதைக்கும் ஒரு பதிவு. எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். நான் அசட்டுத் துணிச்சலில் தமிழ் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வகுப்பறையில் இன்டர்நெட் எட்டிப் பார்க்காது. பக்கத்திலிருந்த படகுத்துறையில் சிக்னல் நன்றாக இருக்கும். ஆகவே முதல் பதிவை வெளியிட எங்கள் எல்லோரையும் டீச்சர் அங்கே ஓட்டிக்கொண்டு போனார். ஒரு கையில் குடை, மறு கையில் உயர்த்திப் பிடித்த போன் என்று அவர் முன்னால் நிற்க, பின்னால் நாங்களும் போனைத் தூக்கியபடி நின்றோம். ஏதோ மாணவர் சமரம், போராட்டம் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். என்ன கோரிக்கை என்று கேட்டார்.

“கவிதையாக்கும்” என்றார் டீச்சர்.

கவிதைக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று அவர் விசாரித்தார். டீச்சர் அவரிடமும் ஒரு சின்னக் காரியம் சொன்னார். அன்வர் என்கிற பையன் எழுதியதைப் படித்துவிட்டு அங்கேயே அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அடுத்த படகு எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் போலீஸ்காரர் அதில் ஏறிவிட்டார்.

உலகமும் ஏறக்குறைய அதையேதான் செய்தது. ஒருவரும் படிக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தால், அது நாமே திறந்து பார்த்ததாக இருக்கும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டி என்ன பிரயோஜனம், இனி எழுதப் போவதில்லை என்று அன்வர் அறிவித்தான். பாதி வகுப்பு அவன் பக்கம் சேர்ந்தது.

அந்த வாரமே வாசகர்கள் வந்தார்கள்.

அன்வருக்கு வைட்டிலாவிலிருந்து லீலா சேச்சி என்பவர் மலையாளத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குக் களமசேரியிலிருந்து ஒரு ‘ரிட்டயர்டு இன்ஜினீயர்’ கிடைத்தார். எனக்கு வாய்த்தவர் மட்டாஞ்சேரி பஜார் ‘சுக்குக்கடை சுப்பையா’. ‘உன் தமிழில் பிழை இருக்கிறது, உயிரும் இருக்கிறது, நிறுத்திவிடாதே’ என்று எழுதியிருந்தார். நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அன்வரையும் கூட்டிக்கொண்டு சுப்பையாவைத் தேடி பஜார் முழுக்க அலைந்தேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. சுக்கு வாங்க வந்ததாக நினைத்து எல்லோரும் எடை போடத் தயாரானார்கள்.

லீலா சேச்சி அன்வருக்குச் சொந்த அக்காவைப் போலாகிவிட்டார். அவனுடைய உம்மா படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. வீட்டில் சமையல் தன் தலையில் விழுந்ததால் பதிவு தாமதம் என்று அவன் எழுதினான். சேச்சி ஆறுதல் சொல்லி, மீன்கறிக்குக் குடம்புளி எவ்வளவு போடுவது என்பதுவரை விளக்கியிருந்தார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் லேபில் அருகருகே உட்கார்ந்து ஒருவர் பிளாக்கை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சுப்பையா எனக்கு எழுதியிருந்தார்: ‘ஒரு சின்னக் காரியம், ர வேறே ற வேறே.’ லீலா சேச்சியும் அன்வருக்கு அதே ‘ஒரு சின்னக் காரியம்’ என்றுதான் மலையாளத்தில் ஆரம்பித்திருந்தார். ரிட்டயர்டு இன்ஜினீயர் ஆங்கிலத்தில்.

முதலில் சிரித்தோம். அன்வர் மட்டும் சிரிக்கவில்லை. “இல்லாத ஆளுகிட்டயா நான் உம்மா காலைப் பத்திச் சொன்னேன்?” என்றான். அப்போதுதான் எனக்கும் சுருக்கென்றது. என் ஒரே வாசகரும் இல்லாத ஆள்தானே.

டீச்சரைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று அன்வர் முடிவு செய்தான். வகுப்பின் சார்பில் வாசகர் சந்திப்பு நடத்தப் போகிறோம், எல்லா வாசகர்களையும் அழைக்க வேண்டும் என்று அவரிடமே போய்ச் சொன்னான். டீச்சரின் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாக, “அதுக்கென்ன, சின்னக் காரியம்தானே” என்றார்.

சந்திப்பன்று இரண்டு பேர் வந்தார்கள். இன்ஜினீயருக்கு ஜலதோஷம் என்று டீச்சர் சொன்னார். சுப்பையாவாக வந்தவர் தங்கப் பிரேம் கண்ணாடியும் சலவை வேட்டியுமாக இருந்தார். எனக்கு அவரைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டீச்சரின் அக்கா கணவர், மட்டாஞ்சேரியில் டீச்சரோடு ஒரே வீட்டில் இருப்பவர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சுக்கு வியாபாரம் எப்படிப் போகிறது என்று மரியாதையாகக் கேட்டேன்.

“கொறச்சு கஷ்டம்தான். மழை ஜாஸ்தியாப் போச்சோல்லியோ, மரத்துல காயே பிடிக்கலை.”

மண்ணுக்குள் விளையும் இஞ்சியை அவர் மரத்தில் ஏற்றியதும் வகுப்பு மேஜைக்கடியில் தலையை விட்டுக்கொண்டது. எங்கள் பதிவுகளை எல்லாம் படிப்பீர்களா என்று ஒருத்தி கேட்டாள். அவர் உற்சாகமாகிவிட்டார்.

“படிக்காம? சாயங்காலம் ஆனா இவ ஒண்ணொண்ணா உரக்கப் படிப்பா. நன்னா எழுதியிருந்தா ரெண்டு தரம் படிப்பா. அதுவரைக்கும் ஆத்துல சாப்பாடு கிடையாது, கேட்டேளா” என்று டீச்சரையே கை காட்டினார். டீச்சருக்குப் பலத்த இருமல் வந்தது.

அன்வர் எழுந்து நின்றான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எங்களுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரிந்துவிட்டது. இருமல் நின்று, தலை குனிந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் லீலா சேச்சியாக வந்தவர் எழுந்து அவனிடம் வந்தார். டீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருப்பவர். எழுத்து இலக்கியம் எதுவும் அறியாதவர். பையிலிருந்து ஒரு தைலப் பாட்டிலை எடுத்து நீட்டினார். “உம்மா கால் இப்போ எப்படி மோனே? டீச்சர் தினம் சொல்லி வருத்தப்படும். இதை இளஞ்சூடாக்கித் தேய்ச்சுப் பாரு.”

அன்வர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “இப்போ சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்குது சேச்சி” என்றான். உட்கார்ந்துவிட்டான்.

டீச்சரிடம் கடைசிவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் எழுதினோம், வாசகர்கள் பதில் எழுதினார்கள். ஜலதோஷம் குணமானதா என்று இன்ஜினீயரிடம் விசாரித்தோம். ஆவி பிடித்ததாகப் பதில் வந்தது.

சந்திப்புக்கு மறுநாள் ஒரு சிறுகதையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பழைய பழக்கத்தில் ஏதோ ஒப்பேற்றி முடித்துவிட்டு, வெளியிடப் போகும் சமயத்தில் நிறுத்தினேன். அந்த வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, ஒருவர் இதை உரக்கப் படிப்பார். முழுவதையும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன்.