கோங் அடித்த மாப்பிள்ளை

தெரியாததைப் பேசி மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். நான் அந்த ரகம் இல்லை. நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பேசித்தான் மாட்டிக்கொண்டேன். அன்று நான் கொடுத்த விளக்கத்தில் இன்றைக்கும் யாரும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. (வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். நம்ப வேண்டாம்.)

அப்போது நான் மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா. ஆங்கில அகராதியைக் கதைப் புத்தகம் போல வாசிப்பவன். சொற்களின் பூர்வீகம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமா, கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண்ணின் அப்பா அங்கே பெரிய கிராணி, அதாவது தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. படத்தில் பார்த்தபோதே கமலத்தை எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

வராந்தாவில் உட்கார வைத்தார்கள். உள்ளே கேசரி கிண்டும் வாசனை. எதிரே ஆபீஸ் முற்றத்தில் ஒரு பெரிய வெண்கலத் தட்டு தொங்கியது. விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதற்காக ஆட்களை வரச்சொல்லி அடிப்பது அது. அந்தப் பெயர் கூப்பிடுதலுக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர்.

"தம்பி இங்கிலீஷ்ல புலின்னு மாமா சொன்னாரு," என்றார் கிராணி. "அந்தா தொங்குதே, அத 'கோங்'னு தொர சொல்றாரு. அது எங்கேர்ந்து வந்த வார்த்த, சொல்லுங்க பாப்போம்."

இதைவிட நல்ல கேள்வியை நானே எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

"அது வெள்ளக்காரன் சொத்தே இல்லீங்க. மலாய்க்காரங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது. அர்த்தம்னு தனியா தேட வேணாம். அந்தச் சத்தம்தான் வார்த்த. குச்சி படுற எடம் 'கோ'. அப்புறம் நீளுது பாருங்க, அது 'ங்'."

கிராணி தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதவில்லை. உதாரணம் காட்டாத விளக்கம் ஒரு விளக்கமா? எழுந்து முற்றத்துக்குப் போனேன். "வேணாம் தம்பி, வேணாம்" என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். (நம் ஆட்கள் காப்பி வேண்டாம் என்பதும் அப்படித்தானே.)

பக்கத்தில் மாட்டியிருந்த குச்சியை எடுத்து ஓங்கி அடித்தேன். அருமையான நாதம். அது அடங்குமுன் அடுத்த அடி, அதன் மேல் இன்னொன்று என்று விடாமல் அடித்து, "கேட்டீங்களா, 'ங்'! கேட்டீங்களா!" என்று கத்தினேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு முறை அடித்தால் பெரட்டு. விடாமல் அடித்தால் தீ. இதை எந்த அகராதியிலும் போடவில்லை.

ஆட்கள் குடியிருந்த லயத்திலிருந்து வாளியும் குடமுமாகக் கூட்டம் ஓடிவந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் சோப்பு நுரையோடு வந்தார். "எங்கய்யா தீ? ஸ்டோரு பத்திக்கிச்சா?" என்று எல்லோரும் புகையைத் தேடினார்கள். கண்ணில் பட்ட ஒரே புகை கிராணி வீட்டு அடுப்படியில். "இல்லீங்க, சும்மா ஒரு வார்த்தைக்கு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஜன்னல் வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

தலை குனிந்து காப்பித் தட்டோடு வரவேண்டிய கமலம், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாரு அடிச்சது?"

யாரும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. குச்சி என் கையில் இருந்தது.

துரை அன்று கிளப்புக்குப் போயிருந்தார். இல்லாவிட்டால் கிராணியின் வேலையே போயிருக்கும். "கெளம்புங்க தம்பி. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அவர். அந்த அப்புறம் வரவே வராது என்று எனக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. மாமா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இருங்கப்பா," என்றாள் கமலம். பிறகு என் பக்கம் திரும்பி, "எதுக்கு அடிச்சீங்க?" என்றாள்.

"ஒங்கப்பா வார்த்தைக்கு வெளக்கம் கேட்டாருங்க."

ஒரு நிமிஷம் முறைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு லயமே சேர்ந்து சிரித்தது.

"இவருக்குப் பொய் சொல்ல வரலப்பா," என்றாள் கடைசியில். "எனக்கு இவரே போதும்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பருப்பு அடிப்பிடித்துப் புகை வந்தால், கமலம் பதறுவதில்லை. அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"ஏங்க, அங்க யாருக்காச்சும் வெளக்கம் சொல்லிக்கிட்டிருக்கீங்களா?"