கேமராப் பெட்டிக்கு வந்த காய்ச்சல்

"கேமரா மறுபடியும் கண்ணை மூடிடுச்சு. நீங்க என்னதான்யா வேலை பார்க்கிறீங்க?"

ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கிடங்கு மேனேஜரின் குரல் கணீரென்று கேட்டது. கேமரா மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டார். அவர் ஊரின் இந்தக் கோடியில் வேறொரு கட்டடத்தில் ஏணி மேல் நின்றிருந்தார். கிடங்கு இருப்பதோ அந்தக் கோடியில்.

"சார், பெட்டிக்குள்ள சூடு ஏறினா கேமரா தானா அணைஞ்சுடும். அதோட பாதுகாப்புக்குத்தான்..."

"அதுக்குப் பாதுகாப்பா? அப்ப என் சரக்குக்கு யாருய்யா பாதுகாப்பு?"

நியாயமான கேள்விதான். அதை மனுஷக் குரலில் கேட்டிருக்கலாம்.

அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு அது. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் மேல் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா. மதியமானால் படம் போய்விடும். மெக்கானிக் இரண்டு பஸ் மாறி அலறியடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் படம் தானாகவே திரும்பி வந்திருக்கும். அவர் எதிரில் அது ஒரு நாளும் அணைந்ததில்லை. வாத்தியார் தலையைக் கண்டதும் கைகட்டி உட்காரும் பையனைப் போல அத்தனை ஒழுக்கமாக வேலை செய்யும்.

முதல் வைத்தியமாக வெள்ளை பெயின்ட் அடித்தார். கறுப்புப் பெட்டி வெயிலை இழுக்கும், வெள்ளைப் பெட்டி திருப்பி அனுப்பும். இது பள்ளிக்கூடத்துப் பாடம்.

மறுநாள் மதியம்கூட ஆகவில்லை, பதினொன்றரைக்கே படம் போனது.

"வெள்ளை அடிச்சுச் சூட்டை ஏத்தின முதல் ஆள் நீதான்யா" என்றார் அவருடைய கம்பெனி முதலாளி.

மெக்கானிக்குக் காதெல்லாம் சிவந்தது. பெட்டியை ஏன் வெயிலில் வைத்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா? அந்த இடத்தை விரல் நீட்டிக் காட்டியவரே மேனேஜர்தான். அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? இரண்டாவது வைத்தியமாகப் பெட்டிக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், தகரத்தில் நிழற்கூரை போட்டார்.

அலுவலகத்தில் மேஜை துடைத்து, எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, எடுபிடி வேலை பார்க்கும் பெண் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவுண்ணே சூட்டைக் குறைப்பீங்க?"

"பெட்டி மேல கை வச்சா ஜில்லுன்னு இருக்கணும்மா. அதுவரைக்கும் விடமாட்டேன்."

அவள் முகம் வாடிப்போயிற்று. நம் கஷ்டத்துக்கு வருத்தப்பட இந்தக் கிடங்கில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று நினைத்தபடியே கடைசித் திருகாணியை முடுக்கினார்.

மறுநாள் பதினொரு மணிக்கே படம் போனது.

மூன்றாவது வைத்தியத்துக்கு விசிறி வேண்டும். கம்பெனியில் கேட்டார். முதலாளி கையை விரித்தார். எனவே வீட்டு மேஜை மேலிருந்த குட்டி விசிறியைக் கழற்றினார். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"இங்க புழுக்கத்துல நானும் பொண்ணும் வெந்துக்கிட்டு இருக்கோம். இரும்புப் பெட்டிக்குக் காத்து வாங்கிக் கொடுக்கப் போறீங்களாக்கும்?"

"வேலை போச்சுன்னா குடும்பத்தோட வேக வேண்டியதுதான். வழியை விடு."

பெட்டியின் இரு பக்கமும் துளை போட்டு, வலை கட்டி, உள்ளே விசிறியைப் பொருத்தினார். மேலே கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. காய்ச்சல் இறங்கிய பிள்ளையைத் தடவுவது போல ஒரு தடவு தடவிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே ஃபோன் வந்தது.

"நாளைக்கும் அணைஞ்சா உங்க கம்பெனியே எனக்கு வேண்டாம்!" என்றார் மேனேஜர்.

"கம்பெனியை அவர் வேண்டாம்னா, எனக்கு நீ வேண்டாம்" என்றார் முதலாளி.

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. குளிர வைக்க வைக்கச் சூடாகிற பெட்டியை எந்த ஊரில் கண்டார்கள்? இத்தனை வருட அனுபவத்தை ஒரு தகர டப்பா கேலி செய்வதா? கிடங்கு திறக்கும்போதே போய் மாடியேறினார். பெட்டிக்குப் பக்கத்தில் குடையை விரித்து, பெட்டி மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்று பெட்டியா, தானா, பார்த்துவிடுவது.

எடுபிடிப் பெண் எட்டிப் பார்த்தாள். போனாள். மறுபடி வந்தாள்.

"அண்ணே, வெயில் கொளுத்துதே. கீழ வந்து கொஞ்ச நேரம் நிழல்ல உட்காரக்கூடாதா?"

"நகர மாட்டேன்மா."

"ஒரு வாய் தண்ணியாவது..."

"செத்தாலும் நகர மாட்டேன்."

அவள் கையைப் பிசைந்துகொண்டே இறங்கிப் போனாள்.

பத்து மணி ஆயிற்று. கேமரா அணையவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. விசிறி கிர்ரென்று ஓடியது, கேமராவின் சின்ன விளக்கு அணையாமல் எரிந்தது. ஒரு மணி அடித்ததும் மெக்கானிக் குடையைக்கூட மடக்காமல் படிகளில் இறங்கி ஓடினார். பட்ட அவமானத்துக்கெல்லாம் இன்று மேனேஜர் வாயாலேயே பதில் வாங்கிவிட வேண்டும்.

"சார்! பார்த்தீங்களா? ஒரு நிமிஷம்கூட அணையலை!"

மேனேஜர் திரையைப் பார்க்கவே இல்லை. எதிரே திறந்து கிடந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"இதை மனுஷன் தின்பானா? தினமும் ஆவி பறக்க வரும். இன்னிக்கு மட்டும் என்ன கேடு?"

எடுபிடிப் பெண் அவரை விட்டுவிட்டு மெக்கானிக் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீரும் ஆத்திரமும் சேர்ந்தே நின்றன.

"ஏண்ணே, நீங்க ஒவ்வொரு தடவை பெட்டியைக் குளிர வைக்கும்போதும், நான் சார் சாப்பாட்டை இன்னும் சீக்கிரமாவே அதுமேல வச்சு, கண்ணாடியை மட்டும் விட்டுப் பெட்டியோட சேர்த்துக் கம்பளியைச் சுத்தி எப்படியோ சமாளிச்சேன், இன்னிக்கு நீங்களே அதைக் கட்டிப் பிடிச்சு உட்கார்ந்துட்டா, சோறு எப்படிண்ணே சூடாகும்?"