மழையை முன்கூட்டியே சொன்ன சிக்னல்

படிக்காதவன் பிழை விட்டால் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவான். படித்தவன் அதற்கு வரைபடம் போட்டு வைப்பான். நான் முப்பத்திரண்டு வரைபடம் போட்டேன்.

வயர்லெஸ் கருவிகளைக் கொண்டு மன்னாரை ஸ்மார்ட் நகரமாக்குவதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. (மன்னார் என்னிடம் கேட்கவேயில்லை.) பக்கத்துக் கடற்கரைக் கிராமமான தாழ்வுபாட்டில், பிலோமினா அக்கா கருவாடு காயப்போடும் இடத்தில், ஒரு கம்பத்தில், காற்றின் ஈரத்தை அளக்கும் வெள்ளைப் பெட்டியைக் கட்டினேன். அது அளந்ததை எல்லாம் நகரிலிருந்த என் அறைக்கு அனுப்பும்.

அந்த மாரி முழுக்க ஓர் அதிசயம். மழை தொடங்க அரை மணித்தியாலம் முன்பே சிக்னல் படுத்துவிடும். மழை விட்டதும் எழும்பிவிடும். ஒருநாளும் தவறவில்லை! மேகத்தின் ஈரம் அலையைக் குடிக்கிறது என்று முடிவுகட்டினேன். மழையிலும் பெட்டி ஈரம் காட்டவில்லையே என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. பெட்டி பழுதாக்கும் என்று தள்ளிவிட்டேன். (நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். வெயில் நாளில் மட்டும்தான் போவேன், நனைந்தால் எனக்குத் தடிமனும் தும்மலும் வரும்.)

கையெழுத்து வைக்கமுன் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார் என் பேராசிரியர். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் கலியாணமும் இல்லை என்று எனக்குப் பெண் தரவிருந்த மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இருவரும் போய் நின்றோம். லேசான வெயில். சிக்னல் அருமையாக இருந்தது. பேராசிரியருக்கு என் மேகக் கதையை விளக்கிக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்கா தலையை நிமிர்த்திக் காற்றை மோந்தார். மளமளவென்று கருவாட்டை அள்ளினார். பிறகு முக்காலியில் ஏறி என் பெட்டியை அவிழ்த்தார்!

“அக்கா! என்ன செய்யிறியள்?”

“மழை வரப்போகுது தம்பி. கருவாட்டோட உங்கட பெட்டியையும் எடுத்து வைக்கிறன்.”

சேலைத் தலைப்பால் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய், இரும்பு அலுமாரியில் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். என் போனில் சிக்னல் பொத்தென்று விழுந்தது.

“அக்கா... எப்பவும் இப்பிடியோ?”

“ஓம், முதல் நாளில இருந்து! ஒரு துளி படவிட்டதில்லை!”

ஐயோ! ஒரு மாரி முழுக்க நான் ஆராய்ந்தது மேகத்தை அல்ல, ஓர் அலுமாரிக் கதவை. சரியாக அரை மணித்தியாலத்தில் மழை கொட்டியது.

பேராசிரியர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “எப்பிடியம்மா உங்களுக்குத் தெரிஞ்சது?”

“மழைக்கு முன்னம் காத்துத் திரும்பும், அப்ப கருவாட்டு மணம் மற்றப் பக்கத்தால வருமெல்லோ. இது தெரியாதே உங்களுக்கு?”

அவர் கொப்பியை எடுத்து அதை எழுதிக்கொண்டார். என் ஆய்வேட்டை என் கையிலேயே திருப்பித் தந்தார். “முதல்ல இருந்து தொடங்கும் தம்பி.”

பட்டம் ஒரு வருடம் பிந்தியது. கலியாணமும் பிந்தியது. அந்த ஒரு வருடத்தை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. உடுப்புக் காயப்போடும்போது போனைப் பார்த்து, “இண்டைக்கு மழை வராது” என்று நான் வாய் திறந்தால் போதும்.

“கொஞ்சம் பொறுங்கோ, படிச்ச ஆளிட்டக் கேப்பம்” என்று பிலோமினா அக்காவுக்கு அழைப்பு எடுக்கிறாள்.