குழிக்கு வாரம் இரண்டு வாளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் போன இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம்; உங்கள் வீட்டுக் கீழ்த்தளமும் சொட்டு ஈரமில்லாமல் நலம். ஆனால் உங்கள் அத்தை மூன்று நாளாகப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கிளம்பியவள் இல்லை. போனால் திரும்ப மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள்தான் அவளுக்கு நல்ல வார்த்தை நாலு எழுத வேண்டும்.

விஷயம் இதுதான். ஊறிச் சேரும் தண்ணீரை வெளியே தள்ளக் கீழ்த்தளக் குழியில் மோட்டார் வைத்திருக்கிறீர்களே, அதைப் பராமரிக்க ஒரு தாள் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனீர்கள்: ஞாயிறுதோறும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றவும், மோட்டார் ஓடினால் டிக் போடவும். முப்பது வருடம் ஆபீஸில் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவன் விடுவேனா? ஊற்றுவேன், 'கர்ர்' என்று சத்தம் வரும், குழி காலியாகும், டிக் போடுவேன். போன மாதம் முதல் ஊற்றுமுன்பே, படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே 'கர்ர்' என்றது. ஆள் தெரிந்த மோட்டார் என்று எனக்குப் பெருமைதான். அத்தை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, மோட்டார் தண்ணி வெளிய விழுற குழாய் வாயில சிலந்தி வலை கட்டியிருக்கு. சொட்டுத் தண்ணி வெளிய வரல. ஊத்துறதெல்லாம் எங்க போகுது?" என்றாள். "மண்ணு குடிச்சிருக்கும்" என்றேன். "மண்ணா இருந்தா சரிதான்" என்றாள். போன ஞாயிறு மூட்டுவலியால் நான் இறங்கவில்லை. மறுநாள் மதியம், குழியோரம் இருக்க வேண்டிய வாளி சமையலறைக் கதவோரம் கவிழ்ந்து கிடக்கிறது. "நீ கொண்டு வந்தியா?" என்றேன். "நான் எதுக்கு அங்க போறேன்? கேட்டு வாங்கிக் குடிக்க வந்திருக்கு!" என்றாள். அன்று கட்டிய பெட்டிதான். மோட்டார் அருமையாக ஓடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதினால் நம்புவாள்.

மகளிடம் நான் கேட்டதாகச் சொல்லவும். இருவரும் குறையில்லாமல் நீடு வாழ ஆசி.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: அத்தைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பிளம்பர் இப்போதுதான் வந்து பார்த்தார். "ஐயா, இது உள்ள கருகி வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓடியிருக்கவே முடியாது" என்று மோட்டாரைக் கழற்றி, சுவரிலிருந்த தாளையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டாரோடு அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் கீழே 'கர்ர்' என்றது. அத்தையின் பெட்டியில் என் சட்டைகளையும் வைத்துவிட்டேன். தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன், பார்க்கவும். நான் இறங்காத ஞாயிற்றுக்கு எதிரே காலியாக விட்டிருந்தேன். அங்கே யாரோ ஈர விரலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். முப்பது வருட வேலையில் என் தாளில் யாரும் பெருக்கல் குறி போட்டதில்லை, மாப்பிள்ளை. அது இன்னும் காயவில்லை.