கெண்டையும் நான்கு மினுக்கு விளக்குகளும்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். மைத்துனர் நேரில் பார்த்தாரா என்று கேட்டேன். "காட்டுக்குள்ள அவருக்கு என்ன வேலை?" என்றார். ஆகவே கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு காட்டில் ஒரே ஒரு தார்ச்சாலை இருந்தது. விலங்குகள் எல்லாம் வண்டி வாங்கிவிட்டன. சாலை மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. ஒருநாள் வளைவில் பழுதாகி நின்ற ஆமையின் கார்மீது காட்டெருமையின் லாரி மோதிவிட்டது.

"அது நின்னுக்கிட்டிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஓடும்போதும் அப்படித்தானே இருக்கும்?" என்றது காட்டெருமை.

இதில் நியாயம் இருப்பதாகச் சிங்கராஜாவுக்குப் பட்டது. இனிமேல் எல்லா வண்டிக்கும் நான்கு மூலையிலும் மினுக்கு விளக்கு இருக்க வேண்டும். ஆபத்தில் மாட்டியவர் மட்டும் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்த வேண்டும். பார்த்தவர்கள் நின்று உதவ வேண்டும் என்று ஆணையிட்டார். இதைக் கவனிக்க உடும்பை ஏட்டாக நியமித்தார். உடும்பு கவ்வினால் விடாது. வேறு தகுதி எதுவும் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு நரி கார் வாங்கியது.

நரி தன் காரைக் கடைத்தெருவின் நட்டநடுவில் நிறுத்தி, முக்கோணத்தை அழுத்திவிட்டு, கரடியின் டீக்கடைக்குள் போய்விட்டது. திரும்பி வந்தபோது பின்சக்கரத்தை உடும்பு ஏட்டு கவ்விக்கொண்டிருந்தார்.

"ஏட்டய்யா, லைட்டு எரியுதே, பார்க்கலையா?" என்றது நரி.

"ம்?" என்றார் ஏட்டு. வாயில் டயர் இருந்தது.

"எரிஞ்சா வண்டியில கோளாறுன்னு அர்த்தம்."

"ம்ம்?"

"ஓட்டுறவன் உள்ள இல்லை. இதைவிடப் பெரிய கோளாறு ஒரு வண்டிக்கு என்ன வரணும்?"

ஏட்டு யோசித்தார். யோசிக்கும்போது பிடி தளர்ந்தது. அவர் பரம்பரையிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல்முறையாம்.

அன்று முதல் காட்டுக்கே வழி பிறந்தது. எருமை மினுக்கு விளக்கைப் போட்டுவிட்டுப் புண்ணாக்கு வாங்கியது. காட்டுப்பன்றி அதைப் போட்டுவிட்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்தது. மயில் மழை வந்தால் போட்டது. குரங்கு நாற்சந்தியில் போட்டது. ஏன் என்று கேட்டால், "இடது பக்கமும் போகல, வலது பக்கமும் போகல. ரெண்டையும் போட்டா நேரா போறேன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம எப்படிய்யா வண்டி ஓட்டுறீங்க?" என்றது. டிரைவிங் ஸ்கூல் நடத்திய கழுதை, "இதுதான் பார்க்கிங் லைட்டு. இதை அமுக்கினா எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்" என்று முதல் பாடத்திலேயே கற்றுக்கொடுத்தது. ஆயுத பூஜை அன்று ஸ்டியரிங்குக்கு ஒரு சந்தனப் பொட்டு, முக்கோணப் பொத்தானுக்கு இரண்டு என்று வழக்கம் ஆகிவிட்டது.

அந்தப் பொத்தானைத் தொடாமலே இருந்தது ஒரு முயல். பெயர் சாந்தப்பன். ஆட்டோ ஓட்டியது. அதன் குடும்பத்தில் லைசென்ஸ் வாங்கிய முதல் முயல் அதுதான். அதன் முன்னோர்கள் சாலையைக் கடந்ததோடு சரி. சிலர் முழுதாகக் கடக்கவும் இல்லை. அதனால் சாந்தப்பன் ஆளே இல்லாத சந்தியிலும் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும்.

அந்தக் கோடையில் மேட்டுக்குளம் வற்றியது. அதில் கடைசியாக மிஞ்சியது ஒரு கெண்டை. ஆற்றில் கொண்டுபோய் விட்டால் பிழைத்துவிடும். ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, கெண்டையை விட்டு, குரங்குகள் தூக்கி ஆட்டோவில் வைத்தன. (அவை சாதாரணக் குரங்குகளா, கருமுக மந்திகளா என்பது சொன்னவருக்கே நிச்சயமில்லை.) முயலால் அந்தப் பானையை அசைக்கக்கூட முடியாது. ஓட்டத்தான் முடியும்.

கடைத்தெரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது இரண்டு காரியம் நடந்தது. பானையில் கீறல் விழுந்தது. எஞ்சின் நின்றுபோனது.

"ஏன் தம்பி நிறுத்திட்ட?" என்றது கெண்டை.

"நான் நிறுத்தலக்கா. அதுவா நின்னுடுச்சு."

"பானை ஒழுகுதுப்பா."

முயல் உதைத்துப் பார்த்தது. தள்ளிப் பார்த்தது. ஆட்டோ அசையவில்லை. "பயப்படாதீங்கக்கா. இதுக்குன்னுதான் சட்டம் போட்டிருக்காங்க" என்று சொல்லி, வாழ்க்கையில் முதல்முறையாக முக்கோணத்தை அழுத்தியது. நான்கு விளக்கும் மினுக்கின. "இப்ப பாருங்க, எல்லாரும் ஓடி வருவாங்க."

முதலில் எருமை வந்தது. ஒதுங்கி வளைந்து போனது. "டீயை மெதுவா குடிச்சிட்டு வா மாப்ளே!" என்று கையாட்டியது.

அடுத்து மயில். "இன்னிக்குக் கரடி கடையில வடை சூடா இருக்கு. தீர்றதுக்குள்ள போ!"

"தம்பி, தண்ணி முதுகுக்குக் கீழ போயிடுச்சு" என்றது கெண்டை.

பிறகு யானை வந்தது. நின்றது. முயலுக்கு உயிர் வந்தது. யானை இறங்கி, தன் ஜீப்பிலும் முக்கோணத்தை அழுத்தியது. "நீ நிறுத்தியிருக்கிறதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு" என்று முயலின் முதுகில் தட்டிவிட்டு டீக்கடைக்குள் போனது. அதன் பின்னால் நரி நிறுத்தியது. நரியின் பின்னால் காட்டுப்பன்றி. கொஞ்ச நேரத்தில் அந்தத் தெரு முழுவதும், கோயில் கொடைத் திருவிழாவில் சீரியல் லைட் கட்டியதுபோல் மினுக்கியது.

கடைசியில் உடும்பு ஏட்டே ரோந்து வந்தார்.

"ஐயா! வண்டி நின்னுபோச்சுய்யா! பானைக்குள்ள ஒரு உயிர் இருக்குய்யா!"

ஏட்டு நான்கு விளக்கையும் சுற்றிவந்து பார்த்தார். "நாலும் எரியுது. எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பானையில் இப்போது ஒரு கையளவு தண்ணீர்தான். கெண்டை பக்கவாட்டில் படுத்துவிட்டது. அதன் குரல் சரியாகக் கேட்கவில்லை. முயல் பானைக்குள் தலையை விட்டுக் கேட்டது.

"தம்பி, அந்த லைட்டை அணை."

"அணைச்சா குற்றம் ஆயிடும்க்கா. என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. எங்க வீட்டுல அதைப் பிரேம் போட்டுச் சுவத்துல மாட்டணும்னு சொல்லிக்கிட்டிருக்காங்க."

"மாட்டு. பக்கத்துல என் படத்தையும் மாலை போட்டு மாட்டு."

முயல் சாலையைப் பார்த்தது. வழக்கம்போல் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விளக்கை அணைத்தது.

காடே கொதித்துவிட்டது. எட்டுத் திக்கிலும் ஹாரன். போன எருமை திரும்பி வந்தது. யானை டீ கிளாஸோடு ஓடி வந்தது.

"யோவ், அறிவிருக்கா? லைட்டு போடாம நடுரோட்டுல நிறுத்தியிருக்க!"

"வர்றவன் போறவன் எல்லாம் மோதிச் சாகணுமா?"

எல்லாரையும்விட நரிக்குத்தான் கோபம். "இவனை மாதிரி நாலு பேர் சட்டத்தை மதிக்காததாலதான் இந்தக் காடு உருப்படாமப் போகுது!" என்றது.

ஏட்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "பழுதுன்னா லைட்டு போடணும்னு தெரியாதா உனக்கு?"

"போட்டிருந்தேன்யா. யாருமே வரல."

"லைட்டு எரிஞ்சா எதுக்குய்யா வரணும்?"

முயல் பானையைக் காட்டியது.

"தள்ளுங்கய்யா இதை ஸ்டேஷனுக்கு!" என்று கத்திவிட்டு, குற்றவாளி தப்பிக்கக் கூடாதென்று ஏட்டு ஆட்டோவின் பம்பரைக் கவ்விக்கொண்டார்.

உதவிக்கு வராதவர்கள் ஸ்டேஷன் என்றதும் முண்டியடித்தார்கள். யானை நெற்றியை முட்டுக் கொடுத்தது. எருமை தோள் கொடுத்தது. நரி ஓரமாக நடந்துகொண்டே, "தள்ளு, தள்ளு" என்று குரல் கொடுத்தது. ஸ்டேஷன் ஆற்றங்கரையில் இருந்தது. சிங்கராஜா அங்கே காற்று வாங்கப் போவார் என்பதால் அங்கே கட்டியிருந்தார்கள். அங்கே போகும் வழி முழுக்க இறக்கம்.

ஸ்டேஷன் வாசலில் ஏட்டு "நிறுத்து" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் இல்லை. யானையோ வேகத்தை ரசித்துக்கொண்டிருந்தது. ஆட்டோ வாசலைத் தாண்டி, படித்துறையைத் தாண்டி, முன்சக்கரத்தோடு ஆற்றில் இறங்கியது. பானை உருண்டு உடைந்தது. கெண்டை வாலை ஒரு அடி அடித்துவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

போகும்போது நன்றி சொன்னதாகச் சொன்னவர் சொன்னார். தண்ணீருக்குள் இருந்து சொன்னது கரையில் எப்படிக் கேட்டது என்று கேட்டேன். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. கெண்டை பிழைத்தது மட்டும் நிச்சயம் என்று படியில் நின்றபடி சொன்னார்.

முயலின் லைசென்ஸை மழைக்காலம் முடியும்வரை பறித்துவைத்தார்கள். குற்றம்: விளக்கு எரியாமல் ஆபத்தில் இருந்தது. அதைத் திரும்ப வாங்க முயல் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோது, வழியை மறித்து ஒரு வண்டி மினுக்கிக்கொண்டு நின்றதாம். அது ஏட்டின் வண்டி.

இதிலிருந்து எனக்கு விளங்கிய நீதி:
உண்மையிலேயே ஆபத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் விளக்கை அணையுங்கள். திட்டுவதற்காவது நாலு பேர் வருவார்கள்.

அந்தப் பொத்தான் நிஜமாகவே எதற்கு என்று சந்தேகம் வந்ததால், எங்கள் தெருவில் பல வருடமாகக் கார் ஓட்டும் ஒருவரிடம் வண்டியோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வண்டி பழுதாகி நின்றால், மற்றவர்களை எச்சரிக்க என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அதைப் படிக்க, முதலில் அதன் பிளாஸ்டிக் உறையை நான்தான் கிழிக்க வேண்டியிருந்தது.