அக்கா நிச்சயதார்த்தத்தில் ஒன்பது விநாடி

வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள், நாற்காலியில் குவிந்திருக்கும் துணியை அள்ளி உள்ளறையில் வீசிக் கதவைச் சாத்திவிடும் திறமை எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் இருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்தவன் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறந்ததும் சாதாரண நாளில் இல்லை, என் அக்கா ஜெயந்தியின் நிச்சயதார்த்தத்தன்று.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இணையப் பக்கங்கள் செய்து தரும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. (நான்கு மாதத்தில் ஒருவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். திமிர் மட்டும் பத்து வருட அனுபவத்துக்கு உண்டானது.) அச்சடித்த பத்திரிகை எல்லாரும்தான் அடிக்கிறார்கள், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இணையத்திலும் ஒரு பத்திரிகை போடுகிறேன் என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. இருந்தும் அறிவித்தேன்.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அக்காவுக்கு அந்த பஸ் போகிற கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அந்த வருடம்தான் பதினெட்டு பேருக்கு இன்சார்ஜ் ஆகியிருந்தாள். மாப்பிள்ளை ரமேஷ் மாமா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் நிற்பவர். அவருடைய அம்மா செல்வி அத்தை அங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் சித்தப்பா மிக்சரை மென்றுகொண்டே, "பொண்ணு இன்னாத்துக்கு வேலைக்குப் போயி கஷ்டப்படணும்? அண்ணிக்கு ஒத்தாசையா கடையப் பாத்துக்கினா போதும்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அந்த வீட்டின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

அவர்கள் போனதும் அக்கா சமையலறையில், "வேலைய நான் வுட மாட்டேம்மா. அத இப்பவே அவங்களாண்ட சொல்லிடலாம்" என்றாள்.

"சும்மா இரு. மொதல்ல தாலி ஏறட்டும். அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றார் அம்மா.

அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணக் களை வரவேண்டிய முகத்தில் கவலைதான் இருந்தது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் பத்திரிகை வேலையில் மும்முரமாக இருந்தேன்.

பத்திரிகையில் கஷ்டமான பகுதி முகூர்த்த நேரமோ மண்டபத்தின் விலாசமோ இல்லை. பெயர் வரிசை. எந்தப் பெரியப்பா முதலில், எந்த மாமா இரண்டாவது, யாருக்குப் பட்டம் போட வேண்டும், யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வந்தால் வெட்டுக்குத்து ஆகும் என்பதெல்லாம் அம்மாவின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. அதை அவர் போனில் சொல்லச் சொல்ல நான் ஆபீசில் இருந்தபடி இணையப் பக்கத்திலேயே நேராகத் தட்டச்சு செய்தேன். பெயரோடு காரணத்தையும் சேர்த்து. ஏனென்றால் அம்மா நாளைக்கு வரிசையை மாற்றுவார், அப்போது "நேத்து இன்னா சொன்னேன்" என்று என்னிடமே கேட்பார்.

காரணங்களை அழித்துவிட்டு வெளியிட்டிருக்கலாம். அழிக்கவில்லை. 'இந்த வரிகளைக் கண்ணுக்குக் காட்டாதே' என்று அலங்காரக் கோப்பில் ஒரே ஒரு கட்டளை போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நானே வியந்துகொண்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பயப்பட வேண்டாம். இணையப் பக்கத்தில் விஷயம் வேறு, அலங்காரம் வேறு. எழுத்தெல்லாம் ஒரு கோப்பில் வரும். எந்த நிறம், எவ்வளவு பெரிசு, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதெல்லாம் இன்னொரு கோப்பில் வரும். அலங்காரம் முதலில் வந்து காத்திருக்க வேண்டும் என்பது முறை. நானோ பகலில் தாமரை நிறம், மாலையில் தங்க நிறம் என்று நேரத்துக்கு ஏற்ப அலங்காரத்தை மாற்ற ஆசைப்பட்டு, அதைப் போய்க் கொண்டுவரும் பொறுப்பை ஒரு நிரலிடம் (புரோகிராம்தான்) கொடுத்திருந்தேன். அதாவது பெண் மண்டபத்துக்கு வந்தாயிற்று, பட்டுப்புடவைப் பெட்டி பின்னால் வேறு வண்டியில் வருகிறது. ஆபீஸ் இணைப்பில் அந்த வண்டி கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில். மாமல்லபுரத்திலிருந்து வேனில் முப்பது பேர் வந்தார்கள். ஐயர் லக்னப் பத்திரிகை வாசித்து, தட்டு மாற்றியாயிற்று. சாப்பாட்டுக்கு எழ இருந்தவர்களை நான் உட்கார வைத்தேன். டிவியில் மடிக்கணினியைச் செருகி, அப்பாவின் போனிலிருந்து இணைப்பை எடுத்தேன். (எங்கள் தெருவில் சிக்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் போய் நிற்க வேண்டும். எனக்கு அது தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.)

"எல்லாரும் இங்க பாருங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

செல்வி அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டாவது வயதில், ஒரு மாலை வகுப்பில். அன்றிலிருந்து கண்ணில் படுவதை எல்லாம் வாய்விட்டுப் படித்துவிடுவார். வேன் வரும் வழியில் திருக்கழுக்குன்றத்துக் கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தாராம். டிவிக்கு நேர் எதிரே, முதல் நாற்காலியில் அவர்தான் இருந்தார்.

திரை வெள்ளையானது. வெள்ளையில் கறுப்பாக, எந்த அலங்காரமும் இல்லாமல் எல்லா எழுத்தும் வந்து நின்றது. மறைத்தது, மறைக்காதது எல்லாம். அத்தை மூச்சுவிடாமல் கடகடவென்று படிக்க ஆரம்பித்தார்.

"பெரியப்பா துரைசாமி. மொதல்ல இவரு பேரப் போடு, இல்லன்னா சாப்புடாம கெளம்பிடுவாரு. போன கல்யாணத்துல கெளம்பிட்டாரு."

பெரியப்பா தோளில் இருந்த துண்டைச் சரி செய்தார்.

"மாப்ள சித்தப்பா, பி.ஏ. போடச் சொல்றாங்க. படிச்சாரான்னு தெரியல, எதுக்கும் போட்டு வை."

நான் மடிக்கணினியை மூடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

"ஜெயந்தி, வேலையப் போடாத. அத வுட மாட்டேங்கறா. அவங்க வூட்ல இன்னும் சொல்லல. தாலி ஏறட்டும், மெதுவா சொல்லிக்கலாம்."

அப்போதுதான் புடவைப் பெட்டி வந்து சேர்ந்தது. திரை முழுக்கத் தாமரை நிறம் பரவியது. வரிகள் மறைந்தன. மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. நாதஸ்வரம் கெட்டிமேளம் கொட்டி முழங்கியது. ஒன்பது விநாடி ஆகியிருந்தது. (பிறகு அளந்து பார்த்தேன்.)

கெட்டிமேளம் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது, வேண்டவும் வேண்டாம். இந்தக் கல்யாணம் என்னால் நின்றது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பதற்றத்தில், எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் எது முதல் வைத்தியமோ அதையே செய்தேன். பழசை எல்லாம் துடைத்துவிட்டுப் பக்கத்தைப் புதிதாக மீண்டும் திறந்தேன்.

திரை மறுபடி வெள்ளையானது. எல்லா வரியும் மறுபடி வந்து நின்றது. இந்த முறை யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவரவர் வரி எங்கே இருக்கிறது என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது.

"போதும் தம்பி, நிறுத்து. நல்லாவே படிச்சிட்டேன்" என்றார் அத்தை. பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. வேலைய வுடுவியா, மாட்டியா?"

அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. "மாட்டேன் அத்த. எனக்கு அந்த வேல புடிச்சிருக்கு. கீழ பதினெட்டு பேரு வேல பாக்கறாங்க" என்றாள்.

அத்தை மகன் பக்கம் திரும்பினார். "டேய், உனக்குத் தெரியுமா இது?"

ரமேஷ் மாமா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். "தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"பொண்ணு பாத்த மறாநாளு போன்ல சொல்லிச்சி. நானே உன்னாண்ட சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"நான் படிக்கக் கத்துக்கினதே எவனும் என்ன ஏமாத்தக் கூடாதுன்னுதான்" என்றார். "இப்ப ஊரே சேந்து ஒரு பொண்ண வாயத் தொறக்காம வெச்சிருக்கீங்க. எனக்கு மாவரைக்க மருமக வோணும்னு யார் சொன்னது? கிரைண்டர் கீது, ரெண்டு ஆளுங்க கீறாங்க."

"பி.ஏ. சித்தப்பாதான் சொன்னாரு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"என் கடைக்கு ஆள் வெக்க அவன் யாரு?" என்றார் அத்தை. சித்தப்பாவுக்கு அன்று போன பட்டம் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர் படித்தாரா என்பதும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்து அத்தை அப்பாவிடம் கேட்டதுதான் எனக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தது. "சம்பந்தி, உங்க கம்பெனி பஸ்ஸு மாமல்லபுரம் வருதா?"

"திருக்கழுக்குன்றம் வரைக்கும் வருதும்மா. அதுக்கு அப்பால இல்ல."

"அப்ப இவன் கொண்டாந்து வுடட்டும். சொல்லாததுக்கு அதான் தண்டன."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து அன்றுதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்தேன். அவளுக்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்தவர் பெரியப்பா. தன்னைப் பற்றிய வரி பொய் என்று நிரூபிக்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் முதல் இலை அவருடையதுதான், சாப்பிடாமல் போனதே இல்லை.

மறுநாள் பக்கத்தைச் சரி செய்ய உட்கார்ந்தேன். அலங்காரம் வரும்வரை பக்கம் முழுவதையும் மறைத்துவிட்டால் ஆயிற்று என்று செய்து அனுப்பினேன். இரண்டு நாளில் பெரியப்பா போன் செய்தார். "இன்னாடா, பத்திரிக வெள்ளையா கீது, கல்யாணம் நின்னுடுச்சா?" அவர் போனில் அந்த நிரல் கடைசிவரை வரவே இல்லை, அதனால் மறைத்த பக்கம் மறைந்தபடியே இருந்துவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. உடுத்திக்கொள்ளத் தேவையான அலங்காரத்தைப் பக்கத்தின் தலையிலேயே கூடவே வைத்து அனுப்பினேன். நிரலுக்கு ரோஜா இதழ் உதிர்க்கும் வேலை மட்டும். அது வந்தால் அழகு, வராவிட்டாலும் கல்யாணம் நிற்காது. காட்டக் கூடாததை மறைத்து வைக்காமல் முழுக்க அழித்தேன். இன்று ஆபீசில் யாருடைய பக்கமாவது அரை நொடி அலங்காரமில்லாமல் எட்டிப் பார்த்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் நான் நிபுணன். எப்படி நிபுணன் ஆனேன் என்று அங்கே சொன்னதில்லை.

அக்கா இப்போது ஒரு பிரிவுக்கே பொறுப்பு. ரமேஷ் மாமா இன்றும் காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய்த் திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏற்றிவிடுகிறார். தண்டனைக் காலம் எப்போது முடியும் என்று கேட்டால், தீர்ப்பு சொன்னவரைக் கேள் என்கிறார்.

போன பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. கூட வேலை பார்க்கும் பெண் என்று ஆரம்பித்தேன். ரொம்ப நல்ல குடும்பம் என்றேன். இந்தக் காலத்தில் மனசுதான் முக்கியம் என்றேன். அம்மாவின் முகம் மாற ஆரம்பித்தது. அத்தை கரும்பைக் கடிப்பதை நிறுத்தினார்.

"தம்பி, துணி மாட்றதுக்கு முன்னாடி இன்னா கீதோ அதச் சொல்லு. ஒம்பது செகண்டு."

"பேரு ஸ்டெல்லா. செங்கல்பட்டு. சர்ச்சுக்குப் போற குடும்பம். நான் அவளத்தான் கட்டிக்குவேன்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நான் நினைத்தேன். கையில் ஒரு நோட்டோடும் பேனாவோடும் திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல பெரியப்பா பேரு" என்று எழுத ஆரம்பித்தார். "இந்த வாட்டி நானே எழுதிக்கறேன்."